யன்னல் கண்ணாடிக்குச் சரி, பிளின்ட் கண்ணாடிக்குப் பிழை: மொடல் ஏன் கூட்டிச் சொல்லுது?

வந்தாறுமூலை_ஒளி:
வணக்கம். பௌதிகவியல் கடைசி வருசம். சேர்வையைக் (என்ன பொருள் எத்தினை வீதம் எண்டு) குடுத்தா கண்ணாடியின்ர முறிவுச்சுட்டியை, அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் எண்ட எண்ணைச் சொல்லுற கணினி மொடல் ஒண்டு செய்யிறன். டேட்டா சைகிளாஸ் எண்ட கண்ணாடித் தரவுத்தளம், 2019இல ஆரும் எடுக்கலாம் எண்டு திறந்து விட்டது, நாலு லட்சத்துக்கு மேல கண்ணாடி கிடக்கு. முறை ரண்டம் ஃபொரஸ்ட், கன தீர்மான மரங்களின்ர விடைகளைச் சராசரி எடுக்கிறது. படிப்பிக்காம ஒதுக்கி வச்ச சோதனைப் பங்கில ஆர் ஸ்குவயர் (1 எண்டா முழுச்சரி) 0.98. ஹொஸ்டல்ல எல்லாருக்கும் பிளேன்டீ வாங்கிக் குடுத்துட்டன்.

மறுகா யன்னல் கண்ணாடியைக் குடுத்துப் பாத்தன்: சிலிக்கா 72, சோடா 14, சுண்ணாம்பு 10, மக்னீசியா 4. அச்சொட்டா 1.52.

அடுத்தது பிளின்ட், ஈயம் கலந்த கண்ணாடி. லெப்பில பழைய அரியம் ஒண்டு, கோணம் 60 பாகை. சோடியம் விளக்கோட திருசியமானியில (ஒளி திரும்புற கோணத்தை அளக்கிற கருவி) இழிவு விலகல், அதாவது ஒளி ஆகக் குறைஞ்சு திரும்புற கோணம், 48 பாகை 10 கலை வந்திச்சு. கணக்குப் பாத்தா 1.62. இந்தச் சுட்டிக்குப் புத்தகத்தில கிடந்த சேர்வை சிலிக்கா 46, ஈய ஒட்சைட்டு 45, பொட்டாசியம் ஒட்சைட்டு 5, சோடா 4. மொடலோ 1.83 எண்டு அடிக்குது! அரியத்தை மூண்டு தரம் அளந்துட்டன், நடுவில கரண்டும் போச்சு. பிழை எங்க?

சம்மாந்துறை_மணல்:
தம்பி, புத்தகத்துச் சேர்வை திணிவு (நிறை) வீதமா, மூல் (துணிக்கை எண்ணிக்கை) வீதமா? மொடலைப் படிப்பிச்சது எதில?

வந்தாறுமூலை_ஒளி:
படிப்பிச்சது மூல். புத்தகம்... பொறுங்க அக்கா. திணிவு. ஐயோ.

சம்மாந்துறை_மணல்:
அதுதான். ஈய ஒட்சைட்டு ஒரு மூல் 223 கிராம், சிலிக்கா 60. திணிவில 45 எண்டது மூலில 19க்குக் கிட்டத்தான் வரும். மூலில 45 ஈயம் உள்ள கண்ணாடி உண்மையாவே 1.84 அளவில இருக்கும். மொடல் கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கு, பாவம்.

யன்னல் கண்ணாடியில இது தெரியாம ஒளிச்சுக் கிடந்திருக்கு. அதில உள்ள ஒட்சைட்டுகள் எல்லாம் ஒரு மூல் 40க்கும் 62 கிராமுக்கும் இடையில. மாத்தினாலும் சிலிக்கா 72இல இருந்து 70க்குத்தான் இறங்கும்.

இன்னொண்டு, அந்த 0.98ஐ நான் நம்பமாட்டன். ஒரே சேர்வையைப் பல பேர் அளந்து எழுதியிருப்பாங்க. கண்ணை மூடிக்கொண்டு பிரிச்சா ஒண்டு படிப்பிலயும் மற்றது சோதனையிலயும் விழும். அது பரீட்சைத்தாளை முதல்நாளே பாத்த மாதிரி. ஒரே சேர்வை எல்லாத்தையும் ஒரே பக்கம் வச்சுப் பிரிச்சுப் பாருங்க. ரண்டம் ஃபொரஸ்ட் படிச்ச எல்லையைத் தாண்டியும் சொல்லாது. படிப்பில இருந்த ஆகக்கூடின சுட்டிக்கு மேல போகவே போகாது.

கல்முனை_வில்லைக்கடை:
மகன், உங்கட கணக்கு எனக்கு விளங்காது. ஆனா சுட்டியோட மட்டும் நிக்காதீங்க, அபே எண்ணையும் சொல்ல வைங்க, அது குறைஞ்சா நிறம் கூடப் பிரியும். பொலிகாபனேற்று பிளாஸ்ரிக் வில்லை 1.586, மெல்லிசு, உடையாது, எண்டு வாங்கிட்டுப் போறவங்க லைட்டைச் சுத்தி நிறம் தெரியுது எண்டு திரும்பி வருவாங்க. அதுக்கு அபே எண் 30. பழைய சிஆர்-39 பிளாஸ்ரிக் 1.498தான், ஆனா அபே 58. ஒரு முறைப்பாடும் வராது.

வந்தாறுமூலை_ஒளி:
மூலுக்கு மாத்தினேன்: 1.63. அக்கா சொன்ன மாதிரிப் பிரிச்சதும் 0.98 இறங்கிட்டுது, எவ்வளவு எண்டு கேக்காதீங்க. பிளேன்டீ காசைத் திருப்பிக் கேக்கவும் ஏலாது.

அண்ணன், அபே எண்ணுக்கு நீலம், மஞ்சள், சிவப்பு மூண்டு அலைநீளத்திலயும் அளந்த கண்ணாடிகள் மட்டும்தான் உதவும், டேட்டா நல்லாக் குறையும். எண்டாலும் செய்யிறன். பிளாஸ்ரிக்கை என்ர மொடல் அறியாது. கடையில பழைய கிறவுண் கண்ணாடி வில்லை, அந்த 1.523, கிடந்தா எறிஞ்சிராதீங்க. ஞாயிறு கல்முனைக்கு வாறன்.