எம்ஆர்ஐ-யில் வலது இதய கதீட்டர்: பலூன் கறுப்பாகத் தெரிவது ஏன்?

நாளம்7:
வணக்கம். நுரையீரல் தமனி அழுத்தம் கூடியவர்களுக்கு எக்ஸ்ரே இல்லாமல், 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ ஸ்கேனரிலேயே வலது இதய கதீட்டர் (நரம்பு வழியே மெல்லிய குழாயை வலது இதயத்துக்குள் விட்டு அழுத்தம் அளப்பது) செய்யத் தயாராகிறோம். தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்த்தால் காடோலினியம் (எம்ஆர்ஐ-யில் பளிச்சென்று தெரிய வைக்கும் மருந்து) நிரப்பிய கதீட்டர் நுனிப் பலூன் கறுப்பாகத் தெரிகிறது. இன்னொன்று: வலது ஏட்ரியம் (இதயத்தின் மேலறை) வீங்கியிருந்தால் கதீட்டர் உள்ளேயே சுருண்டுகொள்ளும். அப்போது வழிகாட்ட 0.035 இன்ச் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் உலோகக் கலவை) ஒயர் விடலாமா? அதைக் காந்தம் இழுக்காதே.

காந்தப்புலம்:
மருந்தை நீர்க்காமல் ஏற்றியிருப்பீர்கள். 0.5 மோலார் செறிவில் டி2 (சிக்னல் மங்கும் நேரம்) அரை மில்லிசெகண்டுக்கும் கீழே போய்விடும். சிக்னலைப் பிடிப்பதற்குள் அது அழிந்துவிடும். 1 சதவீதம் போதும்: 0.1 மில்லி மருந்து, 9.9 மில்லி சலைன். காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதுவும் கறுப்புதான். நிகழ்நேரப் படத்துக்கு முன்னால் பகுதி சாச்சுரேஷன் பல்ஸ் (சிக்னலை ஓரளவு அடக்கும் ரேடியோ துடிப்பு) கொடுங்கள். ரத்தம் மங்கும், பலூன் மட்டும் பளிச்சென்று நிற்கும். முழுதாகக் கொடுத்தால் இதயச் சுவரும் மறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. திரவம் வாயுவைப் போலச் சட்டென்று வெளியே வராது. வெட்ஜ் (பலூனால் தமனிக் கிளையை அடைத்து அளக்கும் அழுத்தம்) எடுத்தபின் சிரிஞ்சை இழுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். நுரையீரல் தமனி அழுத்த அலை திரும்பி வந்ததைப் பார்த்த பிறகே அடுத்த வேலை.

ஆர்எஃப்_சுருள்:
ஒயர் விஷயத்தில் இழுவிசை பிரச்சினையே இல்லை, சூடுதான் பிரச்சினை. 1.5 டெஸ்லா ஸ்கேனரின் ரேடியோ அலை 64 மெகாஹெர்ட்ஸ்; அதில் உடலுக்குள் அரை அலைநீளம் சுமார் 26 செ.மீ. அந்த நீளத்தை ஒட்டிய உலோகக் கம்பி ஆன்டெனாவாகி நுனியில் கொதிக்கும். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, ஸ்கேனர் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சூடு மாறும். ஆகவே தொட்டியில் ஒருமுறை சூடாகவில்லை என்பதை நம்பி விடாதீர்கள். எஃகு வலை பின்னிய கதீட்டருக்கும் இதே கதிதான். 1.5-இல் கண்ணாடி இழை ஒயர்தான் வழி. அமெரிக்காவின் என்ஐஹெச் (தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம்) குழு 2019-இல் 0.55 டெஸ்லாவில் உலோக ஒயரோடு செய்து காட்டியது. அங்கே சூடேற்றும் ஆற்றல், புலத்தின் வர்க்கக் கணக்குப்படி, ஏழில் ஒரு பங்குதான்.

நாளம்7:
நன்றி. 1 சதவீதத்தில் பலூன் வெள்ளையாகிவிட்டது. கையிருப்பில் உள்ள தெர்மோடைலூஷன் ஸ்வான்-கான்ஸ் (குளிர்ந்த திரவம் செலுத்தி, வெப்ப மாற்றத்தால் ரத்த ஓட்டம் அளக்கும் பலூன் கதீட்டர்) சரிப்படுமா?

ஆர்எஃப்_சுருள்:
கூடாது. நுனித் தெர்மிஸ்டருக்கு (வெப்ப உணரி) போகும் கம்பி முழுநீளமும் உலோகம். கம்பியில்லாத பலூன் வெட்ஜ் கதீட்டர் வாங்குங்கள்.

காந்தப்புலம்:
அந்தத் தெர்மிஸ்டர் தேவையும் இல்லை. ரத்த ஓட்டத்தைப் பேஸ் கான்ட்ராஸ்டில் (ரத்தத்தின் வேகத்தை அளக்கும் எம்ஆர்ஐ முறை) நேரடியாக அளக்கலாம். இந்த முறையின் பெரிய லாபமே அதுதான். சராசரி நுரையீரல் தமனி அழுத்தம் 42 மி.மீ. பாதரசம், வெட்ஜ் 12, ஓட்டம் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் நுரையீரல் ரத்தக்குழாய்த் தடை (42-12)/5, அதாவது 6 வுட் யூனிட். அழுத்தம் எடுக்கும்போதே ஓட்டத்தையும் எடுங்கள். இடையில் ஆக்சிஜன் அளவு மாறினால் இரண்டும் ஒட்டாது.

வெளிக்கதவு:
யாரும் சொல்லாத ஒன்று: காந்தத்துக்குள் ஈசிஜி-யின் எஸ்டி பகுதியை (மாரடைப்பைக் காட்டும் பகுதி) நம்ப முடியாது. ரத்த ஓட்டமே மின்னழுத்தம் உண்டாக்கி டி அலையை உயர்த்தும். தாளத்தையும் அழுத்த அலையையும் சேர்த்துப் பாருங்கள். துடிப்பு நின்றால் மார்பை அழுத்தத் தொடங்கியபடியே, கழற்றும் மேசையோடு அறைக்கு வெளியே கொண்டுபோய் அங்கேதான் ஷாக். காந்தத்தை அணைக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். புலம் இறங்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் நோயாளிக்கு முன், பொம்மையை வைத்துக் கடிகாரம் பிடித்து ஒத்திகை பாருங்கள்.