‘கிரீன் விங்’ மாதிரி வேகத்தை மாற்றி எடிட் செய்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

2004 செப்டம்பரில் பிரிட்டனின் சேனல் 4-இல் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் இது. விக்டோரியா பைல் உருவாக்கியது. ஈஸ்ட் ஹாம்ப்டன் என்று கற்பனையான ஒரு மருத்துவமனை. ஆனால் படம்பிடித்தது நார்த்விக் பார்க்கிலும் பேசிங்ஸ்டோக்கிலும் உள்ள நிஜ மருத்துவமனைகளில். நோயாளிகள் பேருக்குத்தான் வருவார்கள். நடிகர்கள் மார்க் ஹீப்பின் விறைத்த தோளும் மிஷெல் கோமஸின் கழுத்துத் திருப்பமும்தான் சிரிப்பு. நடை சட்டென்று மெதுவாகும், முகத்தில் ஒரு வெறுப்பு ஓடும், மறுபடி வேகம் எடுக்கும். இதைக் குறும்படத்தில் செய்து பார்த்தவர்கள் எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.

— மறுமொழி —
முதல் தவறு, நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் பாதி வேகத்துக்குக் குறைப்பது. ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு தடவை வரும், நடை திக்கும். 50-இல் எடுத்து 25 டைம்லைனில் போடுங்கள். பாதி வேகம் வழுவழுப்பாக இருக்கும். அதையே இயல்பு வேகத்தில் ஓட்டினால் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேம் போய்விடும், அசைவு கொஞ்சம் வெட்டும். மோஷன் பிளர், அதாவது அசைவில் வரும் லேசான மங்கல், சேர்த்தால் அடங்கும்.

— மறுமொழி —
அதைவிடப் பெரிய தொல்லை டியூப்லைட். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் பழைய சோக் போட்ட விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். பிரிட்டனிலும் நம் ஊரிலும் இதே கணக்குதான். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். ஆசைப்பட்டு 60 ஃபிரேம், 1/120 என்று போனால் படம் துடிக்கும், சில நேரம் பட்டை பட்டையாகவும் ஓடும். எடிட்டிங்கில் அதை முழுதாக எடுப்பது மிகக் கடினம். 1/50-ஐவிட 1/100-க்கு வெளிச்சம் இரட்டிப்பாக வேண்டும் என்பதையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

— மறுமொழி —
வசனத்தின் மேல் வேகத்தை மாற்றவே கூடாது. தொடரைக் கவனித்துப் பாருங்கள்: பேச்சு இயல்பு வேகத்தில் முடியும், அதன் பிறகுதான் உடம்பு மெதுவாகும், இசை அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் நடிகர் வசனம் முடிந்ததும் உடனே கலையாமல் மூன்று நான்கு நொடி அந்த உணர்ச்சியிலேயே நிற்க வேண்டும். ‘கட்’ சொல்ல அவசரப்பட்டால் மெதுவாக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

— மறுமொழி —
எந்த இடத்தில் மாற்றுவது என்பதுதான் உண்மையான வேலை. காட்சி முழுவதையும் மெதுவாக்கினால் விளம்பரப் படம் போல ஆகிவிடும். பார்வை திரும்பும் அந்த ஒரு கணம் போதும். வேகம் இறங்க ஆறிலிருந்து பத்து ஃபிரேம் கொடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், சிரிப்பு வராது.