ஏற்காட்டில் எலுமிச்சை இலையைப் பூச்சி அதிகம் தொடுவதில்லை. குளிரில் இலைக்கு விஷம் ஏறுமா?

நாகலூர் மருமகள்:
வணக்கம். ஒரே நர்சரியில் வாங்கிய எலுமிச்சைக் கன்றுகளில் பாதியைச் சேலம் அம்மாப்பேட்டை வீட்டுப் பின்புறத்திலும், மீதியை ஏற்காட்டு மலையில் நாகலூரில் மாமனாரின் காபித் தோட்ட ஓரத்திலும் வைத்தோம். சேலத்துக் கன்று கொழுந்து விட்டால் போதும், பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் புழு பச்சையாகிப் பெருத்து, நடு நரம்பை மட்டும்தான் விட்டுவைக்கிறது. மேலே அங்கங்கே ஒரு கடி, அவ்வளவுதான். "குளிர்ல இலைக்குக் காரம் ஏறிடும், பூச்சி கிட்ட வராது" என்கிறார் மாமனார். உண்மையா? என் மகள் இதையே கல்லூரி ப்ராஜெக்டாகச் செய்யப் பார்க்கிறாள்.

அஸ்தம்பட்டி ஆசிரியர் (ஓய்வு, தாவரவியல்):
அம்மா, கடி குறைவு என்பது வேறு, இலையில் விஷம் அதிகம் என்பது வேறு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. மேலே ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. குளிரில் புழு மெதுவாகத்தான் தின்னும், மெதுவாகத்தான் வளரும். வருஷத்தில் அதன் தலைமுறையும் குறையும். இலை மாறாமலே கடி குறைந்துவிடும்.

இலையின் ரசாயனத்தைப் பற்றி நெடுநாளாகச் சொல்லப்படுவது மாமனார் சொன்னதற்கு நேர் எதிர்: கீழே பூச்சி அதிகம், அதனால் செடியின் தற்காப்பும் கீழேதான் பலம். எனக்குப் பிடித்த உதாரணம் ஆல்ப்ஸ் மலையின் வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடி. கடித்தால் சில செடிகளில் சயனைடு கிளம்பும், சிலவற்றில் கிளம்பாது. மலை ஏற ஏற சயனைடுச் செடிகளின் பங்கு குறைவதை டாடே என்ற ஆய்வாளர் 1954இல் காட்டினார். அவர் கைகாட்டிய காரணம் குளிர். சயனைடின் மூலப்பொருளும் அதை உடைக்கும் நொதியும் இலைக்குள் தனித்தனியே இருக்கும், புழு கடித்தால் கலக்கும். உறைபனி செல்லைக் கிழித்தாலும் கலந்து செடியையே பாதிக்கும் என்பது ஒரு விளக்கம். ஏற்காட்டில் அந்த அளவு உறைபனி கிடையாது.

ஆனால் எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம். அதைத் தாங்கச் செடி சேர்க்கும் ஃபிளாவனாய்டுகளில் சில பூச்சிக்கும் ஆகாதவை. ஆகவே மாமனாரின் பேச்சைச் சோதிக்காமல் தள்ள வேண்டாம்.

கொட்டச்சேடு காபி:
சார், காபியும் இதே கதைதானே? ரொபஸ்டா தாழ்நிலக் காட்டிலிருந்து வந்தது, கொட்டையில் காஃபீன் சுமார் 2.2 சதவீதம். அராபிகா எத்தியோப்பிய மேட்டுநிலத்துச் செடி, சுமார் 1.2தான். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அராபிகாவைத்தான் நாசம் பண்ணுகிறது. நிழல் குறைந்த பக்கம் தண்டைப் பிளந்தால் உள்ளே பூராவும் இறுக்கி அடைத்த தூள்.

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
காஃபீன் கணக்கு அந்தக் கருத்தோடு ஒத்துப்போகிறது. ஆனால் அவை இரண்டு வேறு இனங்கள். தண்டுக்குள் இருக்கும் புழுவைக் கொட்டையின் காஃபீனை வைத்து விளக்க முடியாது. காய்த் துளைப்பானைப் பாருங்கள், காஃபீன் நிறைந்த கொட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. அதன் குடல் பாக்டீரியா காஃபீனைச் சிதைப்பதாக 2015இல் கண்டறிந்தார்கள். எவ்வளவு விஷம் என்பதோடு, தின்பது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நாகலூர் மருமகள்:
அப்படியானால் மேல் இலை, கீழ் இலை இரண்டையும் அந்தப் பச்சைப் புழுவுக்கே போட்டுப் பார்க்கலாமா ஐயா?

அஸ்தம்பட்டி ஆசிரியர்:
அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எலுமிச்சை, கறிவேப்பிலை வகையறாவுக்கே பழகியது. மற்ற பூச்சிகளை விரட்டும் சரக்கு அதை ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆமணக்குக் காட்டில் கிடைக்கும் புரோடீனியா புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மேற்பட்ட செடிகளைத் தின்னும் புழு, அது எதைத் தொடத் தயங்குகிறது என்பதுதான் மகளுக்கு வேண்டிய விடை.

கொழுந்தையும் முற்றலையும் கலக்கக் கூடாது. இரண்டு ஊரிலும் ஒரே பருவத்து இலையைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி அன்றைக்கே கொண்டு வரணும். ஒரே அளவில் வெட்டி, ஒரு டப்பாவில் இரண்டு துண்டு, ஒரு புழு. இப்படி நிறைய டப்பா வேண்டும். வைக்கும் முன்பும் பின்பும் துண்டைக் கிராஃப் தாளில் வரைந்து கட்டங்களை எண்ணினால் தின்ற அளவு தெரிந்துவிடும். எல்லா டப்பாவும் ஒரே அறையில் இருக்கட்டும். குளிரின் பங்கு அப்போதுதான் கழியும்.

அப்புறம், ஒரே நர்சரிக் கன்றுகள் என்பது நல்ல வசதி. வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் இடம் செய்த வேலையாகத்தான் இருக்கும். மண்ணின் பங்கையும் கழிக்க வேண்டுமானால், புதிதாகச் சில கன்றுகளை ஒரே மண் நிரப்பிய தொட்டிகளில் இரண்டு ஊரிலும் வையுங்கள்.