உதவி: ஒவ்வொரு குளிர்விப்பிலும் ஸ்குவிட் வளைவு இடம் மாறுகிறது

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்
வணக்கம். குவாண்டம் அனீலிங் செயலிக்கான (மிகக் குறைந்த ஆற்றல் நிலையைத் தேடி விடை காணும் குவாண்டம் கணினி) நியோபியம் சோதனைச் சில்லு ஒன்றைத் திரவ ஹீலியத்தில் இறக்கி அளந்து வருகிறேன். அதிலுள்ள ஸ்குவிட் என்பது காந்தப் பாயத்தை அளக்கும் மீக்கடத்திக் கண்ணி. சுருளில் விடும் மின்னோட்டத்துக்கேற்ப அது தரும் வளைவு, குளிர்விக்கும் ஒவ்வொரு முறையும் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. நேற்று ஒரு பாயக் குவாண்டத்தில் (காந்தப் பாயத்தின் மிகச் சிறிய அலகு) பத்தில் ஒரு பங்கு தள்ளியிருந்தது. இன்று காலை ஏறக்குறையப் பாதி. சில்லு பழுதாகிவிட்டதா? வெள்ளிக்கிழமைக்குள் மேற்பார்வையாளரிடம் முடிவைக் காட்ட வேண்டும், ஹீலியமும் தீரும் நிலையில் உள்ளது. தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்
தங்கச்சி, இந்த விவரங்களை மட்டும் வைத்து எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரே குளிர்விப்புக்குள் வளைவு நிலையாக நிற்கிறதா, அப்போதும் நகர்கிறதா? சுருளில் எத்தனை மில்லியம்பியருக்கு வளைவின் ஒரு சுழற்சி முடிகிறது? காந்தக் காப்பு எதனால் ஆனது? சில்லு அதை இறக்கும் கோலில் செங்குத்தாக நிற்கிறதா, படுத்திருக்கிறதா?

மின்னியலார்
எனக்கு நிலத்தொடர்புச் சுற்றின் (எர்த் லூப்) மீதுதான் ஐயம். மின்வழங்கியையும் பெருக்கியையும் வெவ்வேறு சுவர்ச் செருகிகளில் மாட்டியிருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுருளுக்குள் புகுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுத்துப் பாருங்கள்.

குளிர்நிலை முதுவர்
கேள்வி கேட்கும் முன் அடிப்படை நூல் ஒன்றையாவது புரட்டியிருக்கலாம். நியோபியம் ஏறத்தாழ 9.2 கெல்வினில் மின்தடை முற்றிலும் நீங்கி மீக்கடத்தியாகிறது. அந்தக் கணத்தில் சுற்றிலும் இருக்கும் காந்தப்புலம் படலத்துக்குள் சிறு மின்னோட்டச் சுழிப்புகளாகச் சிறைப்பட்டுவிடும். முதலாண்டு மாணவர்களுக்கே இது சொல்லிக்கொடுக்கப்படுகிறது. மேலும், அனீலிங் செயலிகளை உருவாக்கும் டி-வேவ் நிறுவனத்தின் செயலிகள் 15 மில்லிகெல்வின் அளவில் இயங்கும்போது, திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் அளந்துவிட்டு அனீலிங் செயலியைச் சோதிப்பதாகச் சொல்வது பொருந்தாது.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்
ஐயா, கடைசி வரியை என்னால் ஏற்க இயலவில்லை. 4.2 கெல்வினின் வெப்ப ஆற்றலை அலைவெண்ணாக மாற்றினால் ஏறக்குறைய 87 கிகாஹெர்ட்ஸ், 15 மில்லிகெல்வினில் 0.3 கிகாஹெர்ட்ஸ். ஆகவே செயலியின் அடிப்படை அலகான கியூபிட், ஆற்றல் தடையை ஊடுருவிக் கடக்கும் சுரங்கப்பாய்வைப் பார்க்க ஹீலியக் குடுவை போதாது என்பது உண்மை. ஆனால் ஜோசப்சன் சந்திகள் (இரு மீக்கடத்திகளுக்கிடையே மெல்லிய தடுப்பு) மின்தடையின்றித் தாங்கும் மாறுநிலை மின்னோட்டம், கண்ணிகளின் தூண்டம், கியூபிட்டுகளுக்குப் பாயத்தை ஊட்டச் சில்லிலேயே அமைக்கும் எண்–தொடர் மாற்றிகள் (எண்களை மின்னளவாக்குபவை) ஆகியவை அனைத்தும் நியோபியத்தால் ஆனவை என்பதால் அவற்றை 4.2 கெல்வினிலேயே சரிபார்க்கலாம். 2020-இல் வந்த டி-வேவின் அட்வாண்டேஜ் செயலியில் 5,000-க்கும் மேற்பட்ட கியூபிட்டுகளும் பத்து லட்சத்துக்கும் அதிகமான சந்திகளும் உள்ளன. அத்தகைய சில்லின் ஒவ்வொரு குறையையும் மில்லிகெல்வின் வரை குளிர்வித்த பிறகுதான் கண்டறிவோம் என்றால் வேலை நகராது.

குளிர்நிலை முதுவர்
சந்தியைச் சோதிப்பது வேறு, செயலியைச் சோதிப்பது வேறு. குறைந்த அலைவெண்களில் எழும் பாய இரைச்சல்தான் கியூபிட்டின் தரத்தை முடிவு செய்கிறது. ஹீலியக் குடுவையில் அது தெரியாது.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்
அந்த மாணவி இரைச்சலைப் பற்றிக் கேட்கவில்லை, ஐயா. வளைவின் நகர்வைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த நகர்வும் சிறிய செய்தியன்று. அனீலிங்கில் கியூபிட்டின் இரு நிலைகளுக்குரிய இரட்டை ஆற்றல் பள்ளம் சமமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், நாம் கொடுத்த கணக்கை விட்டுவிட்டு வேறொரு கணக்குக்கு அது விடை தேடும்.

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்
மன்னிக்கவும், இவையெல்லாம் சொல்லாமலே புரியும் என்று நினைத்துவிட்டேன். ஒரே குளிர்விப்புக்குள் வளைவு அசைவதே இல்லை. சுமார் 1 மில்லியம்பியருக்கு ஒரு சுழற்சி. எல்லா முறையும் அப்படியே. சில்லு கோலின் நுனியில் செங்குத்தாக நிற்கிறது. காப்பு ஒரு மியூ மெட்டல் (காந்தப்புலத்தைத் தன்வழியே திருப்பிவிடும் உலோகக் கலவை) குழாய். போன மாதம் கை தவறிக் கீழே விழுந்து விளிம்பு நசுங்கியது. ஹீலியம் என்எம்ஆர் (அணுக்காந்த ஒத்ததிர்வு) கூடத்துக்கு வருவதால், குடுவையையும் அதற்கு அடுத்த அறையில்தான் வைத்திருக்கிறோம்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்
இப்போது படம் தெளிகிறது. 1 மில்லியம்பியருக்கு ஒரு சுழற்சி என்றால் சுருளுக்கும் கண்ணிக்கும் இடையே ஏறக்குறைய 2 பிக்கோஹென்றி பரிமாற்றத் தூண்டம். உங்கள் வடிவமைப்பிலும் அதே எண் இருந்தால் கண்ணிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிலத்தொடர்புச் சுற்றாக இருந்தால் வளைவின் முகடுகள் மழுங்குமே ஒழிய, குளிர்விப்புக்குக் குளிர்விப்பு தொடக்க இடம் மாறிவிட்டு இடையில் உறைந்து நிற்காது. மின்னியலார் ஐயா பொறுத்தருள வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அந்தக் குழாய். மியூ மெட்டல் அடிபட்டால், காந்தப்புலத்தை உள்வாங்கும் அதன் ஊடுருமை வீழ்ந்துவிடும். ஹைட்ரஜன் சூழலில் ஆயிரம் டிகிரிக்கு மேல் மீண்டும் பதப்படுத்தினால்தான் திரும்பக் கிடைக்கும். சாதாரண மியூ மெட்டலை ஹீலியத்துக்குள் இறக்கினாலும் அதன் காக்கும் திறன் பெருமளவு குறைந்துவிடும். பக்கத்து அறையில் என்எம்ஆர் காந்தம் இருக்கும்போது, காப்பே இல்லாமல் அளப்பதாகத்தான் கொள்ள வேண்டும்.

ஜார்ஜ்டவுன் ஆசிரியர்
இன்னொன்றையும் சேர்க்கிறேன். பூமியின் காந்தப்புலம் டி-வேவ் தோன்றிய கனடாவில் செங்குத்தை ஒட்டியிருக்கிறது. மலேசியாவிலோ சுமார் 40 மைக்ரோடெஸ்லா, ஏறக்குறையக் கிடைமட்டம். ஆகவே அங்கே செங்குத்தாக நிறுத்திய சில்லுக்குப் பக்கவாட்டில் போகும் புலம், இங்கே அதன் முகத்தில் நேராக விழும். 10 மைக்ரான் பக்கமுள்ள கண்ணிக்குள் 40 மைக்ரோடெஸ்லா நுழைந்தால் அதுவே இரண்டு பாயக் குவாண்டம். நீங்கள் ஒவ்வொரு முறையும் கோலை எந்தத் திசை பார்க்க இறக்குகிறீர்கள் என்று குறித்து வைப்பதுண்டா? வேறு எதையும் தொடாமல், அடுத்த குளிர்விப்பில் கோலைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். வளைவு நகர்ந்தால் அது வெளிப்புலம். நகராமல் நின்றால் முதுவர் ஐயா சொன்ன சிறைப்பட்ட பாயம்.

குளிர்நிலை முதுவர்
திருப்பிப் பார்க்கும் சோதனை சரியானதே. ஆனால் வெளிப்புலம் என்று தெரிந்தாலும் சிறைப்பட்ட பாயம் இல்லை என்று ஆகிவிடாது. பாயக் குவாண்டத்தைப் படலத்தின் அகலத்தின் இருபடியால் வகுத்தால், எவ்வளவு புலத்துக்கு மேல் சுழிப்பு சிறைப்படும் என்ற தோராயமான வரம்பு கிடைக்கும். 5 மைக்ரான் கோட்டுக்கு அது 80 மைக்ரோடெஸ்லா அளவு, 100 மைக்ரான் தரைப்படலத்துக்கோ (சுற்றின் நிலத்தொடர்பாக அமையும் அகன்ற படலம்) வெறும் 0.2. தரைப்படலத்தில், சுழிப்புகளை ஒதுக்கிவைக்கும் அகழிப் பிளவுகள் வெட்டியிருக்கிறார்களா என்பதை வரைபடத்தில் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்
ஒரு சிறு எச்சரிக்கை. நம் ஊர் ஈரப்பதத்தில் கோலை வெளியே இழுத்தவுடன் நுனியில் வெண்பனி படர்ந்து, சற்று நேரத்தில் அது இணைப்புக் கம்பிகளுக்கிடையே நீராய்த் தேங்கும். குடுவையின் கழுத்திலேயே நிறுத்தி வெப்பமேறவிடுங்கள், அல்லது உலர் நைட்ரஜன் நிறைந்த பையில் நுழைத்துவிடுங்கள். சுழிப்புகளை வெளியேற்ற 10 கெல்வினைத் தாண்டினால் போதும். ஹீலிய ஆவிக்குள் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, மெதுவாக மீண்டும் இறக்கலாம்.

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்
கோலைத் திருப்பினேன், வளைவு கூடவே நகர்ந்தது. சில்லைப் படுக்கவைத்து, குடுவையை என்எம்ஆர் காந்தத்திலிருந்து விலக்கி ஆய்வகத்தின் மறுகோடிக்குத் தள்ளி, மூன்று முறை குளிர்வித்தேன். இரண்டு ஸ்குவிட்டுகளில் நகர்வு ஏறக்குறைய இல்லை. தரைப்படலத்தின் ஓரத்திலுள்ள மூன்றாவது மட்டும் இன்னும் இடம் மாறுகிறது. ஹீலியம் தீர்ந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

குளிர்நிலை முதுவர்
அந்த ஓரத்தில் அகழி இருக்கிறதா?