என் ஸ்பின்லொக் ராஸ்பெரி பையில் மட்டும் பிசகுகிறது, யாராவது உதவுங்கள்

வணக்கம், வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். படிப்பதற்காக சி மொழியில் சொந்தமாக ஒரு ஸ்பின்லொக் (கிடைக்கும் வரை திரும்பத் திரும்பப் பார்த்துக் காத்திருக்கும் பூட்டு) எழுதினேன். 4 த்ரெட்கள் (ஒரே நிரலில் சமகாலத்தில் ஓடும் வேலைகள்), ஒவ்வொன்றும் பொதுவான ஒரு கவுண்டரை 10 இலட்சம் தடவை கூட்டும். இன்டெல் மடிக்கணினியில் விடை எப்போதும் 40 இலட்சம். அதே கோட் ஏ.ஆர்.எம். சிப் உள்ள சிறு கணினியான ராஸ்பெரி பை 4இல் ஓடினால் கொஞ்சம் குறைகிறது.

லொக்கை எடுப்பது ரிலாக்ஸ்ட் அட்டொமிக் எக்ஸ்சேஞ்ச் (குறுக்கீடில்லாமல் மதிப்பை மாற்றும், ஆனால் மற்ற மாறிகளின் வரிசைக்கு உத்தரவாதம் தராது); விடுவிப்பது வொலட்டைல் மாறியில் (கம்பைலர் ஒவ்வொரு தடவையும் நினைவகத்தைத் தொட வேண்டிய மாறி) வெறும் 0 எழுதுவது. வொலட்டைல் போதும் என்று நம்பியது என் மடத்தனம். பக்கத்தில் உள்ள சாதாரண மாறிகளை அது வரிசையில் பிடித்து வைக்காதாம். சரி என்று வெற்று அசெம்பிளி வரியில் 'மெமரி' போட்டு, வரிசையை மாற்றாதபடி கம்பைலரைக் கட்டினேன். டிஸ்அசெம்பிளியில் (கம்பைலர் தந்த இயந்திரக் கட்டளைகளில்) வரிசை ஒழுங்காகத்தான் இருந்தது, விடை இன்னும் பிழை! இன்டெல் சிப் ஸ்டோர்களை (நினைவகத்தில் எழுதுவதை) எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குக் காட்டும், ஏ.ஆர்.எம். அப்படியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

எடுத்த பிறகும் விடுவிக்கும் முன்பும் டிஎம்பி கட்டளை (நினைவக வரிசையைக் காக்கும் ஏ.ஆர்.எம். தடுப்பு) போட்டால் சரியாகிறது. அதற்குப் பதிலாக எடுக்கும்போது அக்வயர் (பின்னால் உள்ளவை முன்னே ஏறாது), விடும்போது ரிலீஸ் (முன்னால் உள்ளவை பின்னே இறங்காது) மட்டும் போதுமா? ஒரு லொக்கை விட்டு உடனே இன்னொன்றை எடுத்தால், பின்னதன் வாசிப்பு முன்னதற்குள் ஏறிவிடாதா? கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பக்கம் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.