நம்ம ஊர் அரசுப் பள்ளியில் படித்தவர்களை எங்கே பார்த்தீர்கள்?

கெம்பட்டி காலனி:

கோவையில் பேர் போன தனியார் பள்ளிகளின் ஆண்டு விழாவுக்குப் போனால், இங்கே படித்தவர் இன்று நீதிபதி, இங்கே படித்தவர் இன்று கலெக்டர் என்று மேடையில் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். நான் படித்த மாநகராட்சிப் பள்ளியில் திருக்குறள் எழுதிய பலகை உண்டு, தலைவர்கள் படம் உண்டு. அங்கே படித்துப் போன ஒருத்தர் பெயரும் எந்தச் சுவரிலும் இல்லை. "உங்க ஸ்கூல்ல இருந்து யாருமே பெரிய ஆளா வரலையாம்மா?" என்று என் மகன் கேட்டான். அப்போது எனக்கு ஞாபகம் வந்தவர் ஒரு டாக்டர்.

2019 ஆவணியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்தவருக்கு இடது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து ஜி.ஹெச். போனோம். முதல் இரண்டு நாள் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். கேஸ் ஷீட்டில் முகவரியைப் பார்த்தவர் அப்பா முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம், "ஐயா என்ன வேலைங்க பண்ணிட்டு இருந்தார்?" என்று கேட்டார்.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மில் மூடிய பிறகு எங்கள் பள்ளி வாசலிலேயே தள்ளுவண்டி போட்டார். மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், கொய்யா. அதைச் சொன்னதும் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "மாங்கா தாத்தா! நான் அந்த ஸ்கூல்தானுங்க. ஆறாவது பி செக்‌ஷன். சின்னப் பசங்களுக்கு மொளகாப் பொடி கம்மியாப் போடுவார். பெரிய பசங்க மாதிரி எனக்கும் நெறையப் போடச் சொல்லி நான் சண்டை கட்டுவேன்" என்றார். பின்னால் நின்ற ஹவுஸ் சர்ஜன்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பிறகு வந்த நாட்களில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பேசுவார். அவர் ஆறாவது சேர்ந்தது 1990-ல். 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது 1989-ல். முட்டை போடும் நாளில் வகுப்பில் ஒருத்தர்கூட லீவு எடுக்க மாட்டார்கள் என்றார். பத்தாவது வரை வீட்டில் கரண்ட் கிடையாது. கணக்கு டீச்சர் சாயங்காலம் ஏழு மணி வரை ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்திருப்பாராம், வாட்ச்மேன் கோபித்துக்கொண்டாலும். அந்த டீச்சரிடம்தான் நானும் படித்தேன். அறை திறந்திருந்தது எனக்கும் தெரியும். ஆனால் நான் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து படித்ததில்லை.

பத்தாம் நாள் அப்பா வாக்கர் பிடித்து நடந்தார். டிஸ்சார்ஜ் அன்று குழறலாக டாக்டரிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. "மொளகாப் பொடி போட்டே குடுக்கறேன், வாங்கன்னு சொல்றாருங்க" என்று எனக்கு எடுத்துச் சொன்னார்.

இந்த மாதிரி நீங்கள் பார்த்தவர்களைப் பற்றி எழுதுங்கள். ஊர் அறிந்த பெயராக இருந்தாலும் சரி, தெருவில் நாலு பேருக்கு மட்டும் தெரிந்தவராக இருந்தாலும் சரி. கோவை மட்டும் வேண்டாம், நம் பக்கம் முழுக்கவும் சொல்லுங்கள்.

கிணத்துக்கடவு வாத்தியார்:

எனக்குச் சந்திரயான்தான். 2008 அக்டோபர் 22, காலை 6.22. அப்போது நான் இந்தப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாளே பிள்ளைகளிடம் ஆறு மணிக்குப் பஞ்சாயத்து டிவி முன்னால் வரச் சொல்லிவிட்டேன். ஐந்தாறு பேர் வந்தால் பெரிய விஷயம் என்று நினைத்தேன். பதினேழு பேர் வந்தார்கள், இரண்டு பேர் பால் கேனோடு.

ராக்கெட் கிளம்பியது, கைதட்டினோம். திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டம் கோதவாடியில் பிறந்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து நின்று கேட்டான்: "சார், கோதவாடின்னா நம்ம கோதவாடிதானுங்களா?"

அவனுடைய அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, ஊர் கோதவாடிக்குப் பக்கம். அந்தக் குளத்து மேட்டில் அவன் மாடு மேய்த்திருக்கிறான். நிலாவுக்குப் போகிற வண்டிக்கும் அந்தக் குளத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. உண்மையைச் சொன்னால், பக்கத்து ஊரில் பாடம் நடத்திய நானும் அந்த வருடம் வரை அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

அன்றைக்கு அறிவியல் பீரியடில் மாவட்ட வரைபடத்தை மாட்டினேன். 1958-ல் கோதவாடியில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். ஊர்ப் பள்ளியிலும் சுற்றுப்பட்டு அரசுப் பள்ளிகளிலும் தமிழ் வழியில் படித்தார். பி.யு.சி. பொள்ளாச்சி என்.ஜி.எம். கல்லூரியில். பி.இ. கோவை ஜி.சி.டி.யில், எம்.இ. பி.எஸ்.ஜி. டெக்கில். 1982-ல் இஸ்ரோ. ஸ்கேலை வைத்து அளந்து பார்க்கச் சொன்னேன். படிப்பு முடிகிற வரை அவர் மாவட்டத்தைத் தாண்டவே இல்லை. அதன் பிறகு போனது 3,84,000 கிலோமீட்டர். இதை நான் சொல்லவில்லை, ஒரு பெண் குழந்தை கணக்குப் போட்டுச் சொன்னாள்.

விண்கலத்தின் எடை 1,380 கிலோ என்று சொன்னபோது, தேங்காய் வியாபாரி மகன் ஒருவன், "ஒரு சின்ன டெம்போ லோடுங்க சார்" என்றான். அந்த உவமையை இன்றுவரை பயன்படுத்துகிறேன். பதினோரு கருவிகளோடு போய், 312 நாள் வேலை செய்து, நிலாவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டிக்கொடுத்த டெம்போ லோடு. பிறகு மங்கள்யான் 2013 நவம்பரில் கிளம்பி 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்தபோதும் அவர் பெயர் வந்தது. அப்போது பிள்ளைகள் எனக்கு முன்னாலேயே "நம்ம கோதவாடி சார்" என்றார்கள்.

பல வருடம் கழித்துப் பொள்ளாச்சியில் ஒரு விழாவில் அவரை நேரில் பார்த்தேன். பத்தடி தூரம். போய்ப் பேச வேண்டும் என்று ஒரு பக்கம் ஆசை, கூட்டம் ஒரு பக்கம். பேசவில்லை. அது எனக்கு இன்னும் மனசில் இருக்கிறது.

"நம்ம கோதவாடிதானுங்களா" என்று கேட்ட பையன் இப்போது எலக்ட்ரீஷியன். போன வருடம் அவன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எங்கள் பள்ளிக்கே கூட்டிவந்தான்.

சூலூர்:

எங்கள் ஊர் என்றால் நடிகர் சிவகுமார். காசிகவுண்டன்புதூரில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்து, சூலூர்ப் பள்ளியில் படித்து, சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனவர். என் அப்பாவும் அதே பள்ளி. கம்பராமாயணத்தில் நூறு பாடல்களைக் கையில் குறிப்பு இல்லாமல் அவர் சொன்ன உரையைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று, அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார். முடிந்ததும், "எங்க ஸ்கூல்ல தமிழ் அப்படிச் சொல்லித் தருவாங்க கண்ணு" என்றார். எழுபது வயதில் அப்பா தன் பள்ளியைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஓமலூர் பி.இ.டி.:

சேலத்தையும் கொங்கு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு எங்களுக்குப் பக்கத்து ஊர்.

ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகும்போது பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 2016 செப்டம்பரில் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக், மூன்று பதக்கம். ரியோ பரிசுப் பணத்திலிருந்து 30 லட்சம் ரூபாயைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார். அந்தத் தங்கத்துக்கு ஈடாக அந்த 30 லட்சத்தையும் நான் மதிக்கிறேன்.

அவர் ஊருக்குத் திரும்பிய சமயம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். ரொம்ப மெலிந்த பையன். மாலையின் கனம் தாங்காமல் கழுத்து முன்னால் சாய்ந்திருந்தது. பார்த்துவிட்டு அடுத்த நாள் பள்ளிக்குப் போனவன், டேப் வைத்து அளந்து, சுவரில் 1.89 மீட்டரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அதன் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் சாக்பீஸை அழித்துவிட்டுப் பெயிண்டில் போட்டேன். இப்போது வேறு பள்ளிக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். இங்கேயும் போட்டிருக்கிறேன்.

ஒன்பதாவதில் கால் வளைந்த ஒரு பையன் இருக்கிறான். விளையாட்டு பீரியடில் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பான், நானும் வற்புறுத்தியதில்லை. போன ஆடியில் ஒரு நாள் எல்லோரும் போன பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே தனியாக நின்றுகொண்டிருந்தான். மறுநாள் அவனைக் குண்டு எறிதலுக்குக் கூப்பிட்டேன், வந்தான்.

சரவணம்பட்டி:

நான் நல்லது எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். முதல் வேலைக்கான இன்டர்வியூவில் எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள். மாநகராட்சிப் பள்ளி, தமிழ் மீடியம் என்றேன். கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். வேலை கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நாலு வருடம் யார் கேட்டாலும் "கோயம்புத்தூரில்தான் படித்தேன்" என்று மட்டும் சொல்லிச் சமாளித்தேன். இன்னொரு கம்பெனியில் என் டீம் லீடாக வந்த அம்மா, முதல் நாள் அறிமுகத்திலேயே பள்ளியின் முழுப் பெயரையும் சொல்லி, "தமிழ் மீடியம், பன்னெண்டாவது வரைக்கும்" என்றார். என் பள்ளி. எனக்கு ஆறு வருடம் மூத்தவர். அன்று மதியம் கேன்டீனில் அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன்.

பவானி:

நீதிபதி என்று மேலே ஒருவர் எழுதியதால் இது. உச்ச நீதிமன்றத்தின் 40-வது தலைமை நீதிபதி ப. சதாசிவம், எங்கள் பவானிப் பக்கம் கடப்பநல்லூர்க்காரர். விவசாயக் குடும்பம், குடும்பத்தில் முதல் பட்டதாரி. சட்டம் படித்தது சென்னை அரசு சட்டக் கல்லூரியில். 2013 ஜூலையில் அவர் பதவியேற்ற அன்று நான் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்த ஆபீஸில் ஸ்வீட் கொடுத்தார்கள். ஜமக்காளம் நெய்கிற ஒரு பெரியவர் கேஸ் விஷயமாக வந்தவர், ஒரு லட்டு தின்றுவிட்டு இன்னொன்று வாங்கி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார், பேரனுக்கு என்று.

சிங்காநல்லூர் கால் டாக்சி:

2020 நவம்பர். கொரோனாவால் வண்டிக்கு ஓட்டமே இல்லாத நேரம். சென்னைக்கு ஒரு சவாரி வந்தது. அப்பா, அம்மா, ஒரு பொண்ணு. மூன்று பேரும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நேரு உள்விளையாட்டரங்கில் மருத்துவக் கவுன்சிலிங் என்று விழுப்புரம் தாண்டித்தான் சொன்னார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்த முதல் வருடம் அது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று சட்டம். அந்த முதல் தடவை அப்படிக் கிடைத்தவை சுமார் 400 இடங்கள், பல் மருத்துவமும் சேர்த்து.

அந்தப் பொண்ணு வழியெல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மடியிலேயே வைத்திருந்தாள். டீக்கடையில் நிறுத்தினாலும் இறங்கவில்லை. "எந்த ஸ்கூல் அம்மிணி?" என்று கேட்டேன். சொன்னாள். என் தம்பி படித்து, எட்டாவதில் நின்றுவிட்ட பள்ளி.

சாயங்காலம் வெளியே வந்தார்கள். எம்.பி.பி.எஸ். கிடைத்துவிட்டது. அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே பேசவில்லை. திரும்பி வரும்போது மூன்று பேரும் செங்கல்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்கள். ஃபைல் சீட்டுக்குக் கீழே விழுந்தது. நான் வண்டியை ஓரம் கட்டி, எடுத்து முன் சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். அவள் இந்நேரம் படிப்பை முடிக்கிற கட்டத்தில் இருப்பாள். எங்காவது ஜி.ஹெச்.சில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும்.

கெம்பட்டி காலனி:

எல்லாவற்றையும் என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். போன திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் ஹெச்.எம். அம்மாவைப் பார்த்தேன். வாசலில் நுழைந்ததும் வலது பக்கச் சுவரைத் தருகிறேன், ஆனால் எழுதுகிற ஒவ்வொரு பெயருக்கும் வருடம் சரியாக இருக்க வேண்டும் என்றார். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். 1990 சேர்க்கைப் பதிவேட்டை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள்.

ஆறாவது பி. பதினான்காம் வரிசையில் அவர் பெயர் இருந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி'. அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துப் பார்த்தோம். நாற்பத்தோரு பெயர். மூன்று இடத்தில் 'மில்', ஓரிடத்தில் 'தையல்', மற்றதெல்லாம் 'கூலி'. ஹெச்.எம். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மற்ற நாற்பது பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க முடியுமா என்று கேட்டார். பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.