பிப்ரவரி வாசிப்பும் ஸ்லாம் இரவும்: எங்கே இடறும், ஏன் இடறும்?

அலமாரி811:

பிப்ரவரி, அதாவது கறுப்பர் வரலாற்று மாதம், பிறந்தால் அமெரிக்காவில் நூலகம், பள்ளி, தேவாலயம், காபிக் கடை என்று எங்கும் கறுப்பர் இலக்கிய வாசிப்புதான். போனவர்களும் நடத்தியவர்களும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். சொந்தக் கதை வேண்டாம். எது கைகொடுக்கும், எது சொதப்பும், ஏன் என்பதை மட்டும் எழுதுங்கள். முதல் கல்லை நானே நகர்த்துகிறேன்.

இருப்பதிலேயே எளிய வடிவம் 'ரீட்-இன்'. ஆங்கில ஆசிரியர்களின் தேசிய மன்றத்தில் இருக்கும் கறுப்பின உறுப்பினர் குழு 1990-இல் தொடங்கியது. முதலில் பிப்ரவரி முதல் ஞாயிறு மட்டும். பிறகு மாதம் முழுக்கப் பரவிவிட்டது. கறுப்பின எழுத்தாளர் ஒருவர் எழுதியதைக் கூடி உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும், அவ்வளவே. போட்டி கிடையாது, பரிசு கிடையாது.

கணக்கு: ஒரு மணி நேரத்துக்கு 12 பேர். ஆளுக்கு 3 நிமிட வாசிப்பு. எழுந்து வந்து, மைக்கைச் சரிசெய்து, தலைப்பைச் சொல்லித் திரும்பிப் போக இன்னொரு நிமிடம். ஆக 48. மீதி 12 நிமிடம் தொடக்கத்துக்கும் தாமதத்துக்கும். "எல்லாரும் ஆசைப்படுகிறார்கள்" என்று 20 பேரைச் சேர்த்தால் கடைசி ஐந்து பேர் காலி நாற்காலிகளுக்குத்தான் வாசிப்பார்கள். பெயர் கொடுத்தவர் எல்லாரும் வந்துவிடவும் மாட்டார்கள். அதற்காக நாலைந்து கவிதைகளை நகலெடுத்து முன்வரிசையில் வைத்துவிடுங்கள். சும்மா கேட்க வந்தவர் ஒருவர் கையில் எடுத்துவிடுவார்.

நகல் 16 புள்ளி எழுத்தில் இருக்கட்டும். ஆனால் பெரிதாக்கும்போது நீண்ட வரிகள் மடிந்து, கவிஞர் ஒடிக்காத இடத்தில் ஒடியும். வாசிப்பவர் அங்கே மூச்சு விடுவார், கவிதை போச்சு. தாளைக் குறுக்குவாட்டில் திருப்பி அச்சிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நாவல் பகுதி என்றால் 3 நிமிடத்துக்கு 400 சொல் போதும். முன்கதை ஒரே வாக்கியம். இரண்டு நிமிடம் கதைச்சுருக்கம் சொல்லி ஒரு நிமிடம் வாசிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நம்மவர் சங்கம் எதுவும் சேர்ந்து நடத்தினால் ஒரு வேண்டுகோள்: வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, நன்றியுரை நான்கையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரவும். அதில் பத்து கவிதை வாசிக்கலாம்.

மூணுபத்து:

ஸ்லாம் பற்றி நான்; கவிதையை மேடையில் நிகழ்த்தி மதிப்பெண் வாங்கும் போட்டி அது. இதன் தொடக்கம் கறுப்பர் அரங்கில் அல்ல. கட்டட வேலை பார்த்த மார்க் ஸ்மித் என்ற வெள்ளையர் சிகாகோவில் தொடங்கி, 1986 ஜூலையில் கிரீன் மில் மதுவிடுதிக்குக் கொண்டுபோனார். ஆனால் அந்த வடிவத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் கறுப்பினக் கவிஞர்கள் முன்வரிசை. சிகாகோவின் பட்ரீஷியா ஸ்மித் தேசியத் தனிநபர் பட்டத்தை நான்கு முறை வென்றவர்.

வழக்கமான விதி: சொந்தக் கவிதை, 3 நிமிடம், பொருளோ வேடமோ வாத்தியமோ கூடாது. 10 நொடி சலுகை. 3:10 தாண்டினால் ஒவ்வொரு 10 நொடிக்கும் அரைப் புள்ளி வெட்டு. பார்வையாளரிலிருந்து ஐந்து நடுவர்; 0 முதல் 10 வரை, ஒரு தசமத்தோடு. மேல் ஒன்று கீழ் ஒன்று கழித்து மீதி மூன்றைக் கூட்டுவார்கள். 8.1, 8.4, 8.6, 9.0, 9.7 என்று வந்தால் 8.1-உம் 9.7-உம் போய் 26.0. உச்சம் 30.

எங்கே கவிழும்?

முதலாவது, வீட்டில் 3 நிமிடத்துக்குச் சரியாக ஒத்திகை பார்ப்பது. மேடையில் சிரிப்பு வரும், "ம்ம்" வரும், கைதட்டல் வரும். அது அடங்க நிற்க வேண்டும். அந்த நிற்றலே 15, 20 நொடியைத் தின்னும். வீட்டில் 2:40-இல் முடிய வேண்டும். முதல் சொல்லோடுதான் கடிகாரம் ஓடும் என்று நினைத்து முன்னால் ஒரு ராகம் இழுப்பவர்களும் உண்டு. பார்வையாளரைத் தொடும் முதல் ஒலியிலேயே, முதல் அசைவிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, மதிப்பெண் ஏற்றம். இரவு ஏற ஏற நடுவர்களின் கை தாராளமாகும். முதலில் 7.5 வாங்கிய தரத்துக்குக் கடைசியில் 9 விழும். அதனால்தான் போட்டியில் இல்லாத ஒருவரை முதலில் வாசிக்கவைத்து நடுவர்களைப் பழக்குகிறார்கள். 'பலியாடு' என்று விளையாட்டாகச் சொல்வார்கள். இதை விட்டால் முதல் போட்டியாளர்தான் பலியாடு. வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், இரண்டாம் சுற்றில் தலைகீழாக்குங்கள்.

மூன்றாவது, நடுவர் தேர்வு. ஐந்து பேரும் ஒரே மேசையில் இருந்தால் ஐந்து நடுவர் இல்லை, ஒரு நடுவர்தான். அரங்கின் ஐந்து மூலையிலிருந்து எடுங்கள். போட்டியாளரின் நண்பரா என்று நேரில் கேளுங்கள். குறைந்த மதிப்பெண்ணுக்குக் கூட்டம் ஊளையிடும், அது மரபு. ஆனால் அடுத்த சுற்றில் அந்த நடுவர் பயந்து 9.5 போடுவார். "உங்கள் எண் உங்களுடையது" என்று தொகுப்பாளர் இரண்டு தடவையாவது மைக்கில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று விதிப்புத்தகத்தில் இருக்காது. வெள்ளையர் நிறைந்த அரங்கில் கறுப்பினக் கவிஞர் தன் வலியைச் சொன்னால் மதிப்பெண் கொட்டும். சமையலையோ காதலையோ பாடினால் 7. இதைக் கவிஞர்களே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். தொகுப்பாளர் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு சிரிப்புக் கவிதையை வைத்து அரங்கின் காதைத் திறந்துவிட்டால் கொஞ்சம் குறையும். முழுக்கப் போகாது.

குமிழ்திருகி:

ஒலி பக்கம். ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு சாதாரண மைக் போதும். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு விரலிலிருந்து நாலு விரல் இடைவெளி. அதை நேராக வாய்க்கு எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் சாய்த்தால் 'ப' ஒலிகள் வெடிக்காது. கலவைப் பலகையில் (மிக்ஸர்) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள்; தரை அதிர்வும் கை உரசலும் போய்விடும். ராப் பாடகர்கள் பாணியில் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி ஊளையிடும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் சொன்னால் கோபம் வரும்.

மைக் ஸ்டாண்ட் வட்டத் தட்டு அடியுள்ளதாக இருக்கட்டும். மூன்று கால் ஸ்டாண்டில் நடந்தாடும் கவிஞர் இடறுவார். ஸ்பீக்கர்கள் மைக்குக்கு முன்னால் நிற்க வேண்டும், பின்னால் கூடாது. முக்கியமாக, பார்வையாளர் பக்கம் விளக்கை முழுக்க அணைத்துவிடாதீர்கள். இந்த அரங்குகளில் பதில் குரல்தான் பாதிக் கவிதை. முகம் தெரியாவிட்டால் கவிஞர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஓடிவிடுவார்.

வாத்தியத்தோடு வாசிப்பதாக இருந்தால் இன்னொரு கணக்கு. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1958-இல் சார்லஸ் மிங்கஸ் குழுவோடும் இன்னொரு ஜாஸ் குழுவோடும் ஒலிப்பதிவு செய்தார். 1968 மே 19, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பிறந்தநாளன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள மவுண்ட் மாரிஸ் பூங்காவில் உருவான 'லாஸ்ட் போயட்ஸ்' குழு காங்கா மேளத்தோடு வாசித்தது. காங்கா ஏன் ஒத்துப்போகிறது? அதன் அடி விழுந்ததும் அடங்கிவிடும், சொல்லுக்கு இடம் விடும். சாக்ஸபோன் அப்படி இல்லை. மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அதன் மேலொலிகள் படுத்துக்கொள்ளும்; குரல் கேட்கும், சொல் புரியாது. வரிக்கு இடையில் ஊதச் சொல்லுங்கள், வரிமேல் வேண்டாம். ஒத்திகையில் ஒருவர் கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்து, கேட்டதை எழுதிப் பார்க்கட்டும். பத்துச் சொல்லில் இரண்டு தவறினாலே வாத்தியத்தைக் குறைக்க வேண்டும்.

பின்வரிசை:

பதில் குரல் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகப் போகும் நம்மாட்கள் கச்சேரி மாதிரி அமைதியாக உட்கார்ந்து கடைசியில் தட்டுவார்கள். இங்கே அப்படி மௌனமாக இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். நல்ல வரிக்கு "ம்ம்", விரல் சொடுக்கு, "சொல்லு" என்று ஒரு குரல். கவிஞர் வரி மறந்து நின்றால் அரங்கு முழுக்கச் சொடுக்கும். அது கேலி இல்லை, தாங்கிப் பிடிப்பது. ஆனால் கிரீன் மில்லில் சொடுக்கு என்றால் "போதும், இறங்கு" என்று பொருள். பிடிக்காமை முற்றினால் காலைத் தரையில் தட்டுவார்கள். புது இடத்தில் முதல் இரண்டு கவிதைக்கு மற்றவர் கையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சில கூட்டங்கள் நீர் வார்த்தலோடு தொடங்கும். மூத்தவர் ஒருவர் முன்னோர் பெயரைச் சொல்லி ஒரு செடித்தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லாரும் "ஆஷே" (அப்படியே ஆகட்டும்) என்பார்கள். தொட்டியை ஒயர்களிலிருந்து தள்ளி வையுங்கள். அடியில் தட்டு இருக்கட்டும். நூலகக் கம்பளம் நனைந்தால் அடுத்த வருடம் அறை கிடைக்காது. அதைச் செய்வது அந்தச் சமூகத்தின் மூத்தவர்தான். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அழகுக்குச் செய்யும் சடங்கு இல்லை அது.

பிறகு கறுப்பர் தேசிய கீதம். ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுத, தம்பி ரோசமண்ட் இசையமைத்து, 1900 பிப்ரவரி 12 அன்று ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 500 பள்ளிப் பிள்ளைகள் பாடியது. எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் எழுந்துவிடுங்கள். மூன்று சரணம். முதல் சரணம் கூட்டமே பாடும், இரண்டாவதில் குரல் குறையும், மூன்றாவதில் தாள் வைத்திருப்பவர் மட்டும். அதனால் மூன்றையும் அச்சடித்து நாற்காலியில் வைக்க வேண்டும். போகப் போகச் சுருதி ஏறும் பாட்டு. தொடக்கத்தை உயரத்தில் எடுத்தால் நடுவில் எல்லாரும் வாயசைப்பதோடு சரி.

சொல்லடுக்கு:

வாசிப்பவர்களுக்கு. வட்டார வழக்குக் கவிதைகளில் கவனம். கறுப்பினக் கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் (1872–1906) பேச்சுவழக்கிலும் எழுதினார், செந்நடை ஆங்கிலத்திலும் எழுதினார். கறுப்பினத்தவர் அல்லாதவர் அந்தப் பேச்சுவழக்கை மேடையில் இழுத்துப் பேசினால், வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கேலி செய்த பழைய கூத்துதான் கேட்பவர் நினைவுக்கு வரும். நோக்கம் நல்லதாக இருந்தாலும் காது அதைத்தான் கேட்கும். முகமூடி பற்றிய அவருடைய செந்நடைக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள், அது யார் வாசித்தாலும் நிற்கும். உரைநடையில் இழிசொல் வந்தால் அந்த இடத்தில் திக்கி விழுங்காதீர்கள். அது வராத வேறு பத்தியை வீட்டிலேயே தேர்ந்தெடுங்கள்.

தமிழாக்கத்தோடு வாசிப்பவர்கள் முதலில் மூலம், பிறகு தமிழ். நேரம் இரட்டிப்பாகும், இரண்டு பேர் இடம் என்று கணக்கு வையுங்கள். ஹியூஸின் ஆறுகள் கவிதையில் நடு வரிகள் 'நான்' என்றும் வினை என்றும் தொடங்கும், அழுத்தம் வரியின் தலையில் விழும். தமிழில் குளித்தேன், கட்டினேன், பார்த்தேன், கேட்டேன் என்று அழுத்தம் வரியின் வாலுக்குப் போய்விடும். அதைத் தவிர்க்க வினையை வலிந்து முன்னால் இழுத்தால் உரைநடை நொண்டும். வாலில் விழட்டும், வாசிக்கும்போது அந்த '-ஏன்'களை ஒரே சுருதியில் இறக்கினால் போதும்.

க்வெண்டோலின் புரூக்ஸின் எட்டு வரிக் கவிதை நேர்மாறு. பள்ளிக்குப் போகாமல் பில்லியர்ட்ஸ் ஆடும் ஏழு பையன்கள். ஏழு வரிகள் 'நாங்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் முடியும், கடைசி வரியில் மட்டும் அது இல்லை. அந்தச் சொல்லை அவர் மெல்லத்தான் சொல்வார், சொல்லி ஒரு கணம் நிற்பார். பலர் அதைத் தாளம் மாதிரி ஓங்கி அடிக்கிறார்கள். பையன்களின் சந்தேகம் அங்கேதான் இருக்கிறது, ஓங்கினால் அது செத்துவிடும். தமிழில் 'நாம்' அல்ல, 'நாங்கள்'. '-ஓம்' விகுதி வினைக்குள் ஏற்கெனவே அதைச் சொல்லிவிடுவதால் தனிச்சொல்லைச் சிலர் வெட்டுகிறார்கள். வெட்டினால் கவிதையில் மிச்சம் ஒன்றுமில்லை.

இளைஞர்களுக்கு எழுத்துப் பயிற்சி வைக்க வேண்டுமானால் இதே கவிதையிலிருந்து டெரன்ஸ் ஹேய்ஸ் 2010-இல் உருவாக்கிய 'கோல்டன் ஷவல்' வடிவம் கைகொடுக்கும். பிடித்த ஒரு வரியை எடுத்து, அதன் சொற்களைத் தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வொன்றும் ஒரு வரியின் கடைசிச் சொல்லாக வரும்படி புதுக் கவிதை எழுத வேண்டும். முதல்முறை 6 முதல் 8 சொல் உள்ள வரி போதும், 25 நிமிடம் கொடுங்கள். யாருடைய வரி என்று தலைப்பின் கீழே எழுதியே ஆக வேண்டும்.

தாள்எடை:

காப்புரிமையை யாரும் தொடவில்லை. அமெரிக்கச் சட்டப் பிரிவு 110(4): நாடகமல்லாத இலக்கியத்தை நேரில் வாசிக்கலாம், வணிக நோக்கம் இருக்கக் கூடாது, வாசிப்பவருக்கோ அமைப்பாளருக்கோ ஊதியம் கூடாது, பொதுவாக நுழைவுக் கட்டணமும் கூடாது. ரீட்-இன் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் ஒளிபரப்புக்கு இந்த விலக்கு கிடையாது. நேரலை போட்டாலோ பதிவை யூடியூபில் ஏற்றினாலோ கதை வேறு. ஸ்லாமில் பிரச்சினை இல்லை, அவரவர் சொந்தக் கவிதை. பதிவுக்குக் கையெழுத்து வாங்கினால் போதும்.

அலமாரி811:

அப்படியென்றால் யூடியூபுக்கு எதை வாசிப்பது? தமிழாக்கம் நம்முடையது என்றால் தப்பிக்கலாமா?

தாள்எடை:

தப்பிக்க முடியாது. மொழிபெயர்க்கும் உரிமையும் மூலத்துக்காரருடையது. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்தவை அங்கே பொதுவுடைமை. ஹியூஸின் 1926 தொகுப்பு அதில் வரும், ஆறுகள் கவிதை அதற்குள்ளேயே இருக்கிறது. ஒத்திவைத்த கனவு பற்றிய அவருடைய கவிதை 1951, அது வராது. புரூக்ஸின் தொகுப்பு எதுவும் வராது. அந்தப் பகுதியில் கேமராவை நிறுத்திவிடுங்கள்.

குமிழ்திருகி:

நிறுத்தினால் திரும்ப ஓடவிட ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். பாதி இரவுக்கு மேல் பதிவே இல்லாமல் போவது இப்படித்தான்.